புளியமரத்தடிப் பைகள்

இன்று காலை வீட்டில் ரேஷன் புழுங்கலரிசி வெந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்துவிட்டது. "ஒரு மாதிரி மணக்குது, ஆனா பசிக்கு நல்லம்" என்று சொல்லிச் சிரிப்பீர்கள். உங்கள் மகளின் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. அப்பா போய்விட்டார் என்று இரண்டே வரி. அவளுக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், கை உங்களுக்கே எழுதுகிறது.

எண்பதுகளின் நடுவில் நான் செஞ்சி ரேஷன் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். இலங்கையில் சண்டை முற்றி, கடல் தாண்டி வந்த சில குடும்பங்களைச் சிங்கவரம் சாலையில் ஒரு பழைய நெல் கிடங்கில் தங்கவைத்தார்கள். ஊரில் அதற்குக் கேம்ப் என்று பேர். வவுனியாவில் கூட்டுறவுச் சங்கக்கடையில் எடை போட்ட நீங்கள், முதல் நாளே என் தராசு முள்ளைப் பார்த்துவிட்டு, "கை சுத்தம், அண்ணை" என்றீர்கள். ஒரே வயதுக்காரனை என்ன அண்ணை என்று கேட்டேன். அது மரியாதைக்கு என்றீர்கள். அப்படித்தான் பழகினோம்.

எங்கள் ஊர் வழக்கம் கேம்ப் பெண்களுக்குத் தெரியாது. அரிசி வந்த மறுநாள் விடிந்ததும் ஊர்ப் பெண்கள் கடை வாசலில் பைகளை வரிசையாக வைத்து, பறக்காமலிருக்க மேலே ஆளுக்கொரு கல்லையும் வைத்துவிட்டு, கடலை பிடுங்கப் போய்விடுவார்கள். கடை திறக்கும் நேரத்துக்கு வந்து அவரவர் பைக்குப் பின்னால் நிற்பார்கள். முதல் மாதம் கேம்ப் பெண்கள் வந்து பார்த்தபோது ஆளில்லாத பைகள்தான் கிடந்தன. யாரோ மறந்து விட்டுப்போனவை என்று நினைத்து, பத்திரமாக மடித்துச் சுவரோரம் அடுக்கிவிட்டு, வாசலில் நின்றுகொண்டார்கள்.

ஊர்ப் பெண்கள் கடலைக் கொல்லையிலிருந்து திரும்பி வந்தார்கள். அப்புறம் கேட்கவேண்டுமா?

"இன்னாம்மா, உங்க நைனா ஊட்டு கடையா இது?"

"கவர்மெண்டு இவங்களுக்குக் காசும் குடுக்குது, அரிசியும் குடுக்குது. நாங்க இன்னா மண்ணையா துன்றது?"

அன்று சாயங்காலம் கிடங்கின் கூரையில் கல் விழுந்தது. மறுநாள் கேம்ப்பை ஊரைவிட்டே எடுக்கச் சொல்லி மனு எழுதிக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார்கள். எடுத்தால் உங்களையெல்லாம் எங்கே கொண்டுபோய் விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. "வேலியில போற ஓணான எடுத்து மடியில உட்டுக்காத" என்று என் மனைவி சொன்னாள். நான் கேட்கவில்லை. இனி கேம்ப்புக்குச் சனிக்கிழமை, ஊருக்கு மற்ற நாள் என்று பலகையில் எழுதி மாட்டினேன். பெரிய மூளைக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

நீங்கள் பலகையைப் படித்துவிட்டு நேரே உள்ளே வந்தீர்கள். "சனிக்கிழமை வேண்டாம், அண்ணை."

"உங்க நல்லதுக்குத்தான்யா செஞ்சேன்!" என்று கத்தினேன்.

"தனியா வாங்கினா நாங்கள் என்ன வாங்கினம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாததைக் கூட்டித்தான் கதைப்பினம். எல்லாருக்கும் பசி எண்டா ஆரும் சண்டை பிடிக்கமாட்டினம். ஆள் ஆர் எண்டு பாத்துக் குடுக்கத் தொடங்கினா, பிறகு மறிக்க ஏலாது. எங்கட ஊரில வேலை, படிப்பு, காணி எல்லாத்திலயும் அப்பிடித்தான் தொடங்கினது."

பலகையைக் கழற்றினேன். அடுத்த மாதம் கேம்ப் பெண்களும் பையும் கல்லுமாக வந்து ஊர்ப் பைகளுக்கு நடுவே இடம் பிடித்தார்கள். தங்களுக்கு அளந்த அதே வண்டு விழுந்த அரிசியைத்தான் கேம்ப்புக்கும் அளக்கிறேன் என்று ஊர்ப் பெண்கள் கண்ணால் பார்த்தார்கள். "அய்ய, உங்களுக்கும் இந்தக் கருமாந்திரம்தானா?" என்று ஒருத்தி கேட்டாள். கேம்ப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். மனு அப்படியே அமுங்கிப்போனது.

ஆனால் அன்று உங்கள் பை அந்த வரிசையில் இல்லை. கடைக்கு எதிரே புளியமரத்தடியில் தனியாகச் சில பைகள் கிடக்கும். ஊர் ஒதுக்கிவைத்த காலனி ஆட்களுடையவை. ஊருக்கும் கேம்ப்புக்கும் அளந்து முடித்த பிறகு, மிச்சமிருந்தால் அவர்களுக்கு. உங்கள் பை அங்கே கடைசியில் இருந்தது.

"அது எப்பவும் அப்படித்தாங்க. நீங்க இந்தப் பக்கம் வாங்க" என்றேன்.

நீங்கள் வரவில்லை. "எங்கட கிணத்தடியிலயும் சிலரை அள்ள விடாம நிறுத்தி வச்சனாங்கள், அண்ணை. நானும் நிறுத்தினனான். பிறகு எங்களை வேற ஆக்கள் நிறுத்தினபோது மட்டும் அநியாயம் எண்டு கத்தினம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. பிழைக்க வந்த இடத்தில் இவருக்கு எதற்கு இந்த வீம்பு என்று நினைத்தேன். உங்கள் ஆட்களும் அதையேதான் சொன்னார்கள். இப்போதுதான் ஊர் அடங்கியிருக்கிறது, மறுபடி கிளப்பாதீர்கள் என்று நான் கெஞ்சினேன். நீங்கள் வாதாடவில்லை. மாதாமாதம் அங்கேயே பையை வைத்தீர்கள். இரண்டு மாதம் மூட்டை காலியாகி, மரத்தடி ஆட்களோடு நீங்களும் வெறும் பையை மடித்துக்கொண்டு நடந்தீர்கள். அன்றெல்லாம் உங்கள் முகத்தைப் பார்க்காமல் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சண்டை ஓய்ந்தது என்று நம்பி நீங்கள் கப்பலேறினீர்கள். ஓயவில்லை என்பதை உங்கள் கடிதங்கள்தான் சொல்லின. நான் எழுதிய பதில்களில் மழை, விளைச்சல், பிள்ளைகள் படிப்பு எல்லாம் இருக்கும். ஒன்றை மட்டும் எழுதவில்லை. வெட்கமாக இருந்தது.

நீங்கள் போன அடுத்த மாதம், கடையைத் திறந்ததும் முதல் எடையைப் புளியமரத்தடிப் பைகளுக்குப் போட்டேன். ஊர் இரண்டு நாள் கத்தியது. மூன்றாம் நாள் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. அந்த இரண்டு நாள் கத்தலுக்குப் பயந்துதான், நீங்கள் மரத்தடியில் பை வைத்த ஒன்றரை வருடமும் உங்களைக் கடைசியில் நிற்கவைத்தேன்.