வாசல் கதவின் அட்டை

ஞாயிறு, இரவு.

காலையில் சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்த ஷைனி அப்பா விழித்து உட்கார்ந்திருக்கிறார். மீன்காரர் பெல் அடித்துவிட்டாராம். வாசல் கதவில் நாங்கள் எப்போதும் மாட்டும் ‘நைட் ஷிஃப்ட். பெல் அடிக்காதீர்கள்’ அட்டையைக் காணோம். எங்கள் மகாராணி ஷைனி அதைக் கழற்றித் தன் அறைக் கதவில் மாட்டிக்கொண்டு தூங்குகிறாள்!

எழுப்பிக் கத்தினேன்.

“நானுந்தான் நைட்டு முழுக்க முழிச்சிக்கினு இருந்தேன். எனக்குத் தூக்கம் வேணாமா?” என்கிறாள் ஷைனி.

போனில் யாரோடு என்று கேட்க வாய்வரை வந்தது.

“விடு, புள்ள தூங்கட்டும்” என்று அவர் சிரிக்கிறார். அவருக்கு இன்றைக்கும் நைட். தூங்காத கண்ணோடு சுரங்கத்தில் மெஷின் ஓட்ட வேண்டும். அதை நினைத்தால்தான்...

அவர் வண்டியை எடுத்தபோது அவளே அட்டையைக் கொண்டுவந்து வாசலில் மாட்டினாள். மன்னிப்பெல்லாம் இல்லை. “பாத்து போங்கப்பா” என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. எனக்கும் கோபம் அதோடு போய்விட்டது.

எனக்கும் ஓர் அட்டை எழுதிக்கொள்ளலாம். மாட்டத்தான் இடமில்லை. சமையலறைக்குக் கதவே கிடையாது.