கரையிலிருந்து தெரியாத நீலம்

விடுதி கேட்டுக்கு இன்று பெயிண்ட் அடிக்கிறார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும், மச்சான், நீதான் வந்து நின்றாய், முழங்கைவரை நீலமாக.

அண்ணாமலை நகர் பிரவுசிங் சென்டரில் நாம் ஃப்ராக்டல் படம் போட்டுத் திரிந்தோமே! ஒரு சூத்திரம் தானாக வரையும் படம். உள்ளே போகப் போக அதே சுருள், அதற்குள் இன்னொரு சுருள். சூத்திரம் புள்ளிக்குப் புள்ளி ஓர் எண்ணைத்தான் கொடுக்கும். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பது நம் இஷ்டம். மென்பொருளோடு வந்த பேலட்டை, அந்த நிறவரிசையை, நீ தொடவே மாட்டாய். "ரெடிமேட் சட்டை எல்லாம் வேணாம்டா, நான் தெச்சுப் போட்டுக்கறேன்" என்று சொந்தமாகப் பேலட் கட்டுவாய். ஒரே சுருள் உன் கையில் மயில் கழுத்தாகும். நான் தொட்டால் ஊசிப்போன சாம்பாராகும். அந்தச் சாம்பாரை அச்செடுத்து, என் மூளை ஸ்கேன் என்று வகுப்பில் காட்டினேன். "உள்ள ஒண்ணும் இல்லன்னா வெள்ளையாதானடா வரும்?" என்றாய்.

அந்தக் கோடையில் உன் அப்பாவின் ஃபைபர் படகுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலையைக் கெஞ்சி வாங்கினாய். பரங்கிப்பேட்டைப் பக்கம் உங்கள் குப்பத்தில் எல்லாப் படகும் ஒரே அச்சு. யார் வீட்டுப் படகு என்று கரைக்குச் சொல்வது நிறம்தான். நாம் உன் மிகச் சிறந்த பேலட்டை அப்படியே இறக்கினோம். கருநீலத்தில் தொடங்கி, எங்கே மாறியது என்றே தெரியாமல் பச்சைக்கு வழுக்கும். குப்பமே வந்து வாயைப் பிளந்தது.

அந்தப் படகு கடலுக்குப் போய்த் திரும்ப வேண்டிய முதல் காலை. உன் அம்மா கண்ணுக்கு மேல் கை வைத்துத் தேடினார். மற்ற படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறின.

"எங்கடா நம்ம போட்டு? உங்கப்பா எங்கடா?" என்று உன்னைப் பிடித்து உலுக்கினார்.

நீ அலைக்குள் ஓடினாய். கூப்பிடு தூரத்துக்கு வந்தபிறகுதான் உன் அப்பா கை ஆட்டுவது தெரிந்தது. படகு நம் கண்ணெதிரேதான் வந்துகொண்டிருந்திருக்கிறது. நாம்தான் அதன்மேல் கடலையே பூசி வைத்திருந்தோம்.

"கலரு அடிக்கறானுங்களாம் கலரு! உசுரே பூடுச்சுடா!" அழுகையும் சிரிப்புமாக அம்மா நம் இருவர் முதுகிலும் ஆளுக்கொன்று வைத்தார்.

அன்று சாயங்காலமே பேலட்டை மாற்றினாய். வழுக்கல் இல்லை, ஆரஞ்சு, கறுப்பு, வெள்ளை, பட்டை பட்டையாக.

"சர்க்கஸ் கூடாரம் மாதிரி இருக்குடா" என்றேன்.

"எங்கம்மாவுக்குத் தெரியுதில்ல? அதான் மச்சான் அழகு."

அடுத்த வருஷம் மஞ்சள் காமாலையில் படுத்தபோதும், "எவனோ எனக்குத் தப்பான பேலட் போட்டுட்டான்" என்று சிரித்தாய். "மாத்திடலாம்டா" என்றேன். அதை மட்டும் நம்மால் மாற்ற முடியவில்லை.

இப்போதும் ஒரு படத்துக்கு நிறம் கட்டி முடித்ததும் எழுந்து, கடைசிச் சுவர்வரை பின்னால் போய், கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்க்கிறேன். "என்னடா, படத்துல கப்பலா வருது?" என்கிறான் அறைத்தோழன். அங்கிருந்து தெரியவில்லையென்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் பேலட்டைக் கலைத்துவிடுகிறேன்.