டி.வி. வெட்டிய ஓரம்

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவுக்கு இருமல் அடங்கிவிட்டது, பேச்சுதான் அடங்கவில்லை. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். அன்றைக்குப் போனில் நீ, "டி.வி.யோ மானிட்டரோ எல்லாம் ஒண்ணுதாம்மா, மன்னிப்புக் கடிதத்துல கையெழுத்துப் போட்டுட்டு வேலைய விட்டுட்டு இங்க வந்துடு" என்றாய். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, வைத்துவிட்டேன். இப்போது அழுகை இல்லை, முழுசையும் கேள்.

எங்கள் கிடங்கின் கேமரா அறையில் இருந்த மானிட்டர் போன மாதம் கெட்டுப்போனது. மேனேஜர் மீட்டிங் அறையில் சும்மா கிடந்த டி.வி.யைக் கொண்டுவந்து மாட்டி, "பெருசா இருக்கு, இனி நல்லாப் பாக்கலாம்" என்றார், நானும் தலையாட்டினேன். மூன்றாவது வாரம் லோடு இறக்குகிற நெட்டைத் தம்பி பக்கவாசல் படியில் வழுக்கி, கால் முறிந்து, சுவரோரமாக இருபது நிமிஷம் கிடந்திருக்கிறான். லாரி டிரைவர்தான் பார்த்துத் தூக்கியிருக்கிறார். அந்த இருபது நிமிஷமும் நான் திரைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டு, தன் கம்ப்யூட்டரில் பதிவை ஓட்டிக் காட்டினார். படத்தின் ஓரத்தில் அவன் கிடப்பது பளிச்சென்று தெரிகிறது, கையைத் தூக்கிக்கூட ஆட்டுகிறான். "தூங்கிட்டீங்க, ஒத்துக்கங்க" என்றார். மன்னிப்புக் கடிதம் ஒன்றை என் முன்னால் வைத்துவிட்டு, நான் தூங்கியதாக எல்லாருக்கும் எழுத்தில் அனுப்பியும்விட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனால் அவன், "நீங்க பாப்பீங்கன்னுதான்க்கா கேமராவப் பாத்துக் கைய ஆட்டினேன்" என்கிறான். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, நிஜமாகவே கண் அயர்ந்துவிட்டோமோ என்று என்மேல் எனக்கே சந்தேகம்.

மூன்றாம் நாள் காலை அந்த டி.வி. முன்னால் உட்கார்ந்ததும் சுரீரென்று உறைத்தது. மேனேஜர் அறையில் பார்த்தபோது படத்தின் வலது மூலையில் மணி, நிமிஷம், நொடி முழுசாக இருந்தன. என் டி.வி.யில் நொடியின் கடைசி எண்ணைக் காணோம்! கேமரா மாட்டிய மெக்கானிக்கைப் போனில் பிடித்தேன். "ஆமாக்கா, சில டி.வி. படத்தக் கொஞ்சம் பெருசாக்கும், சுத்திலும் ஓரம் வெளிய போயிடும், செட்டிங்ல மாத்தணும். சினிமா பாக்கறவங்களுக்கு அது தெரியவே தெரியாது. மானிட்டர் வர்றத வந்தபடி காட்டும்" என்றார். நேரே மேனேஜரிடம் போய், உங்கள் மானிட்டரைக் கேமரா அறைக்குக் கொண்டுவாருங்கள் என்றேன். முறைத்தார். நீங்கள் கழற்றாவிட்டால் நானே கழற்றுவேன் என்றேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அதே பதிவை ஓட்டினோம். மானிட்டரில் தம்பி கிடக்கிறான், கையை ஆட்டுகிறான். டி.வி.யில் வெறும் படியும் ஒற்றைச் செருப்பும். லோடு ஆட்கள் வாசலில் கூடி நின்று பார்த்தார்கள்.

மேனேஜர் குரலை இறக்கி, "சரி, கடிதம் வேணாம், புது மானிட்டர் வந்துடும், இதோட விட்டுருங்க" என்றார். எப்படி விடுவது? தூங்கினேன் என்று ஊருக்கெல்லாம் எழுத்தில் அனுப்பியவர், தூங்கவில்லை என்பதை மட்டும் காதில் சொன்னால் போதுமா? அதையும் எழுத்தில் கொடுங்கள் என்றேன். "இந்த வயசுல இவ்வளவு வீம்பு ஆகாதும்மா" என்றார். வயசு எனக்குத்தான் சார் ஆச்சு, என் கண்ணுக்கு ஆகலை என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். எழுதினார். நோட்டீஸ் போர்டில் ஒட்டவும் வைத்தேன். நகலைக் கொண்டுபோய்த் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ வாசிங்கக்கா" என்றான். வாசித்தேன்.

ஆகவே சின்னக்குட்டி, நான் அங்கே வரவில்லை. உன்னைப் பார்க்க ஆசைப்பட்டு ஒருநாள் வருவேன், தலைகுனிந்து வரமாட்டேன். நீயும் ஆபீசில் யார் என்ன காகிதம் நீட்டினாலும் கடைசி வரிவரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இருவரும் நூறு வருஷம் நிமிர்ந்து நன்றாக இருங்கள். பொழுது விடிந்தால் எனக்கு டியூட்டி, படுக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா