வெங்காயத்தாள் கூட்டு யாருடையது?

இன்று உழவர் சந்தையில் வெங்காயத்தாள் இரண்டு கட்டு வாங்கினேன். ஒற்றை ஆளுக்கு ஒரு கட்டே அதிகம்தான். நறுக்கத் தொடங்கியதும் அந்தப் பச்சை வாடை விரலில் ஏறியது. அரிவாள்மனையை ஓரமாக வைத்துவிட்டு உங்களிடம் பேச வேண்டும் என்று தோன்றிவிட்டது.

வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு திருக்கோகர்ணம் வீட்டுக்கு நீங்கள் ஒரேயடியாகத் திரும்பி வந்தது ஒரு மார்கழியில். கல்யாணமான மறுவருடமே விமானம் ஏறியவர் நீங்கள். லீவில் வரும்போதெல்லாம் விருந்தாளி போல இருந்துவிட்டுப் போவீர்கள். திரும்பி வந்தபோது பிள்ளைகளும் வெளியூர் போயிருந்தார்கள். வீட்டில் நாம் இருவர் மட்டும். "சாப்பிடுறீங்களா?" என்பேன். "ம்" என்பீர்கள். மிச்சக் காலமும் இப்படியே கழிந்துவிடுமோ என்று எனக்கு உள்ளூரப் பயம்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா, அவர்கள் தோட்டத்தில் பிடுங்கியதென்று கை கொள்ளாத வெங்காயத்தாளைக் கொடுத்தார். எனக்கு அது பழக்கமில்லாத சாமான். அடியிலிருந்த வெள்ளைக் கிழங்கை மட்டும் சாம்பாருக்கு எடுத்துக்கொண்டு, தாளை மாட்டுக்குப் போட ஒதுக்கினேன். நீங்கள் எழுந்து வந்தீர்கள்.

"இந்தா, அத எங்க கொண்டு போற? இங்கிட்டுக் குடு."

கத்தியை வாங்கிப் பொடிப்பொடியாக நறுக்கினீர்கள். முட்டையைப் பொரித்து, அடுப்பை அணைத்த பிறகு தாளைத் தூவினீர்கள். "வெந்துச்சுன்னா வாசம் போயிரும்."

நீங்கள் சமைத்து நான் பார்த்ததே இல்லை. "இத யாருங்க ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டேன்.

"ரூம்ல ஒரு வங்காளத்துக்காரன் இருந்தான். வெள்ளிக்கிழமையானா அவன் சமையல்தான்" என்று தொடங்கினீர்கள். சட்டி காலியான பிறகும் பேச்சு ஓயவில்லை.

மறுநாள் தக்காளியைச் சுட்டு, பச்சைத் தாளோடு சேர்த்து நசுக்கி ஒரு சட்னி. அது ரூமில் இருந்த ஒரு நேபாளத்துக்காரர் சொன்ன பக்குவமாம். தனக்கு மகள் பிறந்த சேதி போனில் வந்தபோது அந்த மனிதர் உப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே அழுததைச் சொன்னீர்கள். நம் மகள் பிறந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "அவன் மட்டுமா அழுதான்?" என்றீர்கள்.

அக்கா கொடுத்தது தீர்ந்ததும் நானே பஸ் ஏறிச் சந்தைக்குப் போய் வாங்கி வந்தேன். தாள் தீர்ந்தால் பேச்சும் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். தோசை மேல் தூவினீர்கள், மோரில் போட்டீர்கள், கோதுமை மாவில் பிசைந்து ரொட்டி சுட்டீர்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் நான் பார்த்திராத ஒரு மனிதர் இருந்தார்.

பாசிப்பருப்புக் கூட்டுக்கு மட்டும் யாரும் இல்லை. பருப்பைக் குழைய வேகவைத்து, வெள்ளைக் கிழங்கை வதக்கிச் சேர்த்து, தேங்காயும் சீரகமும் அரைத்து ஊற்றி, இறக்கும்போது தாளைப் போடுவீர்கள். "இது யாரு பக்குவம்?" என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்! சிரித்து மழுப்புவீர்களே தவிர, சொன்னதில்லை.

போன ஆடியில், படுக்கையில் கிடக்காமல் போய்விட்டீர்கள். துக்கம் கேட்க உங்கள் ரூம் கூட்டாளி பொன்னமராவதியிலிருந்து வந்தார். "அண்ணி, நீங்க வைக்கிற வெங்காயத்தாள் கூட்டுன்னு அண்ணன் அங்க அடிக்கடி வைப்பாரு. 'எங்க வீட்டுக்காரி கைப்பக்குவம்டா, அவ வச்சா இன்னும் நல்லாருக்கும்'னு பெருமையாச் சொல்லுவாரு" என்றார்.

அக்கா கொடுத்த நாள்வரை வெங்காயத்தாளைக் கையால் தொட்டதில்லை நான். புதுப்பெண்ணாக இருந்தபோது வேறு ஏதாவது கூட்டு வைத்து, அதை நீங்கள் இப்படி மாற்றிக்கொண்டீர்களா? இல்லை, ரூமில் எல்லாரும் அவரவர் வீட்டுச் சாப்பாட்டைப் பேசும்போது, சொல்வதற்கு உங்களுக்கும் ஒன்று வேண்டியிருந்ததா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவர் இன்னொரு முறை வந்தார். அன்று அந்தக் கூட்டை நான் வைத்தேன். ஒரு வாய் எடுத்தவர் நிமிர்ந்து பார்த்து, "அண்ணன் சொன்னது சரிதான் அண்ணி" என்றார். நான் மறுத்துச் சொல்லவில்லை. அவர் இலையில் இன்னொரு கரண்டி போட்டேன். அங்கே நீங்கள் எனக்கு வாங்கிக் கொடுத்த பேரை, இங்கே நான் காப்பாற்ற வேண்டாமா?