உள்ளே யாராவது இருக்கிறார்களா?

பாகாயம்,
மார்ச் 2005.

அன்பு மகன் நெல்வினுக்கு அம்மா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் நீ அங்கே பனியில் சறுக்கி விழாமல், வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். இங்கே என் முட்டிவலி ஜாஸ்தியும் ஆகவில்லை, கம்மியும் ஆகவில்லை. உன் அப்பாவுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, மனசுதான் கொஞ்ச நாளாகச் சரியில்லை, அதற்குக் காரணம் நீ. பயப்படாமல் முழுசாகப் படி. போனில் சொல்லலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் அவர் சபைக் கமிட்டிக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து எழுதுகிறேன்.

நீ என்ன வேலை செய்கிறாய் என்று யார் கேட்டாலும் அப்பா இதுவரைக்கும் கம்ப்யூட்டர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பின சிடியோடு, இந்த கேமில் வருகிறவர்கள் பேசுவதெல்லாம் நான் எழுதினது என்று நீ ஒரு சீட்டு வைத்திருந்தாயே, அதைப் பார்த்ததிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கேம் என்றால் சுடுகிறதும் குதிக்கிறதும்தானே என்று யாரோ கேட்டதற்கு, என் மகன் அப்படியெல்லாம் எழுத மாட்டான் என்று சண்டைக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாதது இல்லை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் ரிடையர் ஆகும்வரை குவாலிட்டி பார்த்தவர், ஒரு தையல் தள்ளியிருந்தால் ஜோடியையே ஓரமாக எறிவார். மனுஷர்களையும் அப்படித்தான் பார்ப்பார், பாஸ், இல்லாவிட்டால் ரிஜெக்ட், நடுவில் ஒரு பெட்டி கிடையாது. பொய் மட்டும் அவர் வாயில் வராது. என்னைப் பெண் பார்க்க வந்தபோது நான் பாடினதைக் கேட்டுவிட்டு, சுருதி சேரவில்லை, ஆனால் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று எங்கள் வீட்டுக் கூடத்திலேயே சொன்ன மனுஷன். நானோ ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் காலம் தள்ளினவள். டாக்டர் இதோ வந்துடுவார் என்று எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேனோ, அது பொய்யா நிஜமா என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இப்படி இரண்டு பேர் ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்துவிட்டோம்.

கேமில் அவர் ஒரு மலையூரில் ரொட்டிக்கடைக்காரர். யுத்தகாலம். முதல் வாரம் முழுக்க அவருக்கு ஒரே குஷி, காலை டிபனை முடித்துவிட்டு டியூட்டிக்குப் போகிறவர் மாதிரி உட்காருவார், இன்றைக்கு ரொட்டி கருகிவிட்டது, இன்றைக்கு மாவு புளிக்கவில்லை என்று எனக்கு ரிப்போர்ட் வரும். அப்புறம் அந்தத் தையல்காரர் வந்தார். பட்டாளத்துக்காரர்கள் தேடுகிற ஆள், சோடாபுட்டிக் கண்ணாடி, ஒல்லி உடம்பு. அப்பா அவரை மாவு மூட்டை அறையில் ஒளித்து வைத்தார், அந்த மனுஷன் சும்மா இருக்காமல் அப்பாவுடைய கோட்டில் அறுந்துபோன பொத்தானைத் தைத்துக் கொடுத்தான். தையல் எப்படி என்று கேட்டேன், ஃபர்ஸ்ட் குவாலிட்டி என்றார். இரண்டு நாள் கழித்துப் பட்டாளத்துக்காரன் வந்து கதவைத் தட்டி, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிறான். கீழே இரண்டு கட்டம், ஒன்றில் ஆமாம், ஒன்றில் இல்லை. நான் அப்போது பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா ஆமாம் என்பதை அழுத்திவிட்டார். யோசிக்கவே இல்லை. கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன் என்கிறார். பட்டாளத்துக்காரர்கள் உள்ளே போய் அந்த மனுஷனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் திட்டவில்லை, அழவில்லை, வாசலில் அப்பாவைத் திரும்பிப் பார்த்து, ரொட்டி நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். ஏன்டா அப்படி எழுதினாய்? நாலு வார்த்தை திட்ட வைத்திருந்தால் உன் அப்பா பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

அதற்கப்புறம் அவர் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல. பின்னால் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று எல்லா பட்டனையும் அழுத்திப் பார்த்தார், போக முடியவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார், ஒயரைப் பிடுங்கிச் சொருகினார், சிடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவக்கூடப் பார்த்தார், நான்தான் பிடுங்கி வைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் அரை மணி நேரம் சத்தம் போட்டது அதற்குத்தான். நீ என்ன சொன்னாய், அந்தச் சங்கடம் வரணும்னுதான் அப்படி வெச்சோம்பா என்றாயாம். போனை வைத்துவிட்டு என்னிடம், "மனுஷன பேஜார் பண்றதுக்குன்னே ஒரு கம்பெனி, அதுக்கு இவனுக்கு சம்பளம் வேற தர்றானுங்க" என்றார். ஆனால் உன்னிடம் அவர் கேட்க நினைத்தது வேறு, அந்தத் தையல்காரரை எங்கே கொண்டுபோனார்கள் என்று. வெட்கப்பட்டுக்கொண்டு கேட்கவில்லை.

பக்கத்துத் தெரு அப்துல் சமத் பாய் உனக்கு ஞாபகம் இருக்குமே, அப்பாவோடு கம்பெனி வேனில் ஒன்றாகப் போய்வந்த தோஸ்த். அவரிடம் போய்ப் புலம்பியிருக்கிறார். அவர், இதெல்லாம் ஒரு விஷயமா, நான் ஆடிக் காட்டுகிறேன் என்று வந்து புது ஆட்டமாக முதலிலிருந்து ஆடினார். கதவைத் தட்டினதும் இல்லை என்று அழுத்திவிட்டு, அப்பாவைப் பார்த்து மீசையைத் தடவினார். பட்டாளத்துக்காரர்கள் சரி என்று போய், பக்கத்து வீட்டுக் கதவை உடைத்து அங்கே இருந்த பால்காரரைச் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பாயின் முகம் செத்துவிட்டது. அப்புறம் ஒரு வாரம் இரண்டு பேரும் எங்கள் வராந்தாவில் உட்கார்ந்து, தையல்காரரா பால்காரரா என்று பேசிப் பேசி எனக்கு டீ போட்டே கை ஓய்ந்துபோனது. சபைப் போதகர் ஐயரிடம் போய்க் கேட்டார்கள், அவர் இரண்டு பக்கத்துக்கும் நியாயம் சொல்லி, ஜெபம் பண்ணி, எழுந்து போய்விட்டார். கடைசியில் பாயின் சம்சாரம் ஹலீமா பீ வந்து நின்று, "ரேஷனுக்குப் போங்கன்னா ரெண்டு பேருக்கும் முட்டி வலிக்குது. பொட்டியில இருக்கிறவனுக்கு இன்னா துக்கம் வேண்டிக்கெடக்கு" என்று சொல்லி பாயைக் கூட்டிக்கொண்டு போனாள். அப்பா கம்ப்யூட்டர் மேல் லேஸ் துணியைப் போட்டு மூடிவிட்டார்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயமே. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சித்தப்பா மகள் கரோலின் ஆம்பூரிலிருந்து ஒரு பையோடு வந்து நின்றாள். மறுநாள் காலையில் சென்னையில் அயர்லாந்து ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் எடுக்கிற இன்டர்வியூ. அதே மறுநாள் சாயங்காலம் ஆம்பூரில் அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை யார் என்றால் ஷூ கம்பெனியில் உன் சித்தப்பா வேலை செய்கிற செக்‌ஷன் மேனேஜருடைய அக்கா மகன், வேண்டாம் என்று சித்தப்பா எப்படிச் சொல்வார். இன்டர்வியூவெல்லாம் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம், இவள் டியூட்டிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இங்கே வந்துவிட்டாள். பெரியம்மா, ஒரு ராத்திரி மட்டும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சரி என்றேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இரும்மா, சாப்பிடு. ஆனா உங்கப்பன் வந்து என்னைக் கேட்டான்னா நான் உள்ளதத்தான் சொல்லுவேன். எனக்குப் பொய் சொல்ல வராது" என்றார். அவள் தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிட்டாள், பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு சித்தப்பா வந்துவிட்டார். கரோலினை நான் பின் அறையில், அதுதான் உன் கம்ப்யூட்டர் இருக்கிற அறையில், உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். சித்தப்பா வேர்த்து விறுவிறுத்து வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், நின்றபடியே கேட்டார்.

"அண்ணா, கரோலின் இங்க வந்துக்குறாளா?"

உன் அப்பா அவரைப் பார்த்தார், மூடின கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன், சத்தியமாக ஒரு ஜாடையும் காட்டவில்லை. அப்புறம் சொன்னார்.

"எந்த கரோலின்?"

நெல்வின், ஞானஸ்நானத்தில் அந்தப் பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றவர் இவர். கூடப் பிறந்த தம்பியிடம் எந்த கரோலின் என்கிறார். அதோடு விட்டாரா, இங்கே யாரும் வரவில்லை, பின் அறையில் யாரும் இல்லை, மத்தியானம் சோறுகூட இரண்டு பேருக்குத்தான் வடித்தோம் என்று கேட்காததற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே போகிறார், காது இரண்டும் சிவந்துபோய்விட்டது. நான் இந்தக் கஷ்டத்தைப் பார்க்க முடியாமல் காபி போடுகிறேன் என்று உள்ளே ஓடினேன். சித்தப்பா காபியை நிதானமாகக் குடித்தார். அந்த யாரோ கரோலின் வந்தாளென்றால், அவள் அம்மா சாப்பிடாமல் இருக்கிறாள், ஒரு போன் போட்டுப் பேசச் சொல்லுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்தார். வாசலில்தான் எனக்கு உயிரே போய்விட்டது, கரோலினுடைய செருப்பு அங்கேயே கிடக்கிறது. அவர் கம்பெனியில் தைத்ததைத்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறார், வார் வெட்டினதே அவராக இருக்கும். அவர் குனிந்து பார்த்தார், தன் செருப்பை மாட்டிக்கொண்டார், மகளுடைய செருப்பைக் காலாலேயே மெல்லப் பூந்தொட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அப்பா இதைப் பார்க்கவில்லை. ஒரு தையல் பிசகினால் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிறவர், சோபாவில் உட்கார்ந்து உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விடியற்காலையில் அவரே கரோலினைக் காட்பாடிக்குக் கூட்டிப்போய் ரயில் ஏற்றி, அவரும் ஏறி, சென்னைக்கே போய்விட்டார். மேனேஜர் வீட்டுக்காரர்கள் அன்றைக்கு வந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனார்களாம், பெண்ணுக்கு அவசர டியூட்டி என்று சித்தப்பா சொல்லிவிட்டாராம். இன்டர்வியூவில் அவள் பாஸ் ஆகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் பேசுகிற இங்கிலீஷ் காதில் ஏறவில்லையாம். அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள், நாலு நாள் அப்பனும் மகளும் பேசவில்லை, அப்புறம் சித்தப்பாவே வேலூரில் இங்கிலீஷ் கிளாஸில் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த தடவை மறுபடியும் இன்டர்வியூவுக்குப் போகிறாள். மாப்பிள்ளை பேச்சு அப்படியே நிற்கிறது.

உன் அப்பாதான் ஆளே மாறிவிட்டார். உள்ளதைச் சொல்லி ஒரு மனுஷனைப் பிடித்துக் கொடுத்தேன், அதுவும் உறுத்துகிறது, பொய் சொல்லி ஒரு பெண்ணைக் காப்பாற்றினேன், அதுவும் உறுத்துகிறது, அப்படியானால் எதைத்தான் செய்வது என்று என்னைக் கேட்கிறார். செருப்பு விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் காபியில் சர்க்கரை கம்மி என்று டம்ளரைத் திருப்பி அனுப்பாமல் குடிக்க ஆரம்பித்திருந்தார், கறிக்கடைக்காரரிடம்கூடத் தன்மையாகப் பேசினார், இது இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். போன வாரம் தாங்க முடியாமல் பஸ் ஏறி ஆம்பூருக்கே போய்விட்டார், தம்பியிடம் ஒத்துக்கொள்வதற்கு. போய், அன்றைக்கு நான் உன்னிடம் பொய் சொன்னேன், அவள் உள்ளேதான் இருந்தாள் என்று சொல்லியிருக்கிறார். சித்தப்பா சிரிக்கவில்லையாம், தலையைக் குனிந்துகொண்டு சொன்னாராம்:

"தெரியும்ணா. வீட்ல கேட்டுட்டு வரச் சொன்னாங்க, அதுக்காக வந்தேன். நீ எங்க உள்ளத சொல்லிடப்போறியோன்னு பயந்துக்கினேதான் கேட்டேன்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொன்னவர், சாப்பிட உட்கார்ந்தார். ஒரு வாய் எடுத்துவிட்டு, அப்போ நான் சொன்னது பொய்யா இல்லையா சாரா என்று கேட்டார். எனக்கென்ன தெரியும், இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். அவர் அதை மறுக்காமல் சாப்பிட்டார்.

நீ இந்த மாதிரி இன்னொன்று எழுதுகிறதாகச் சொன்னாயாம். எழுது, வேண்டாம் என்று சொல்லவில்லை, அப்பாவே அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார், அப்துல் சமத் பாயும் இரண்டு தடவை விசாரித்துவிட்டார். காதை மூடுகிற குல்லாவைப் போடாமல் வெளியே போகாதே. பருப்புப் பொடி அடுத்த வாரம் பார்சலில் வருகிறது, ஈரக் கையால் எடுக்காதே. சபைக்குப் போகிறாயா என்று நான் கேட்கவில்லை, நீயும் பதில் சொல்ல வேண்டாம். உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காத்து, உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக. உன் பெயரைச் சொல்லாமல் நாங்கள் ஒரு நாளும் ஜெபத்தை முடிப்பதில்லை.

உன்னை முத்தமிடும்,
அம்மா சாரா ஜேக்கப்.