குக்கர் மேல்வீட்டில், ஏணி கீழ்வீட்டில்

அக்கா,

இன்றைக்குக் காலையில் மூன்றாவது மாடியிலிருந்து கருப்பட்டிக் காப்பி வாசம் இறங்கி வந்தது. பல் தேய்த்துக்கொண்டிருந்த நான் நுரை வாயோடு அப்படியே மேலே ஓடிவிட்டேன். கதவைத் தட்டிய பிறகுதான் மூளை விழித்தது. உன் வீட்டில் இப்போது பாளையங்கோட்டைக்காரர்கள் குடியிருக்கிறார்கள். கதவைத் திறந்த ஆன்ட்டி, பிரஷ்ஷும் நுரையுமாக நிற்கிற பெண்ணைப் பார்த்து, "என்னம்மா வேணும்?" என்றார். "தண்ணி வருதான்னு பார்க்க வந்தேன்" என்றேன். தெலுங்கு ஊரான இந்த மல்காஜ்கிரியில் அந்தப் பொய் எந்த நேரத்திலும் செல்லும்.

கீழே வந்து வாய் கொப்பளித்தும் வாசம் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ குடிவந்த அன்றைக்கு நடந்தது ஞாபகம் இருக்கிறதா? அம்மா மரியாதையாக, "என்னம்மா படிக்கிறே?" என்று கேட்டாள். "மானிடவியல், பிஎச்.டி." என்றாய். நான் குறுக்கே புகுந்து, "மானியவியலா?" என்றேன். அம்மா என் தொடையைக் கிள்ளுவதற்குள் நீ உன் நாகர்கோவில் பேச்சில் பதில் சொல்லிவிட்டாய்: "உதவித்தொகை வர்ற லட்சணத்துக்கு அதுகூடக் கிடையாதுட்டி. வாக்குறுதியியல்னு வச்சுக்கோ." எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது, இந்தக் கட்டடத்தில் எனக்குச் சமமாக ஒரு வாய் வந்து சேர்ந்திருக்கிறது என்று.

செல்போன் ஆப்பில் கடன் வாங்குகிறவர்களைப் பற்றித்தான் உன் ஆராய்ச்சி. ஆட்டோ ஸ்டாண்டிலும் டிபன் தள்ளுவண்டியிலும் உட்கார்ந்து ஊர்க்கதை கேட்பாய். ஒரு நாள் சும்மா இருக்க முடியாமல், "மூணாவது மாடி அக்கா கடன் குடுக்கிறாங்க, வட்டியே கிடையாது" என்று ஸ்டாண்டில் கொளுத்திப் போட்டுவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டில் ஆட்டோக்காரர்கள் வரிசை. நீ திட்டவே இல்லை. எல்லாரையும் உள்ளே கூப்பிட்டு, கருப்பட்டிக் காப்பி கொடுத்து, சாயங்காலம் வரைக்கும் பேட்டி எடுத்தாய். இரவு சாப்பாட்டுக்குக் கீழே வந்தபோது, "ஆராய்ச்சிக்கு ஆள் பிடிச்சுக் குடுத்ததுக்கு ரொம்ப நன்றிட்டி" என்றாய். என் குறும்பு அவ்வளவு கேவலமாகத் தோற்றது அதுவே முதல் தடவை.

பண்டமாற்று விஷயம் இன்னொன்று. ஆதியில் மனிதர்கள் ஆட்டைக் கொடுத்து அரிசி வாங்கினார்கள், அது கஷ்டமாக இருந்ததால் பணத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று என் பொருளியல் புத்தகத்தில் இருந்தது. சத்தமாக ஒப்பித்துக்கொண்டிருந்தேன். "அப்படி ஒரு ஊரை எங்க மானிடவியல் ஆளுங்க யாரும் இன்னும் பார்க்கலைட்டி" என்று சிரித்தாய். நான் விடுவேனா? மறுநாள் பள்ளிக் கேன்டீனில் ஒரு புதுப் பேனாவை நீட்டி, "இதை வச்சுக்கிட்டு சமோசா குடுங்க அண்ணா" என்றேன். அவர் பேனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கைக்கு? பேனா நக்கோ. சமோசா லே ஜாவ், காசு நாளைக்குக் குடு" என்றார், எதற்கு, வேண்டாம் என்று பேனாவைத் தள்ளிச் சமோசாவை என் கையில் திணித்தபடி. ஓடி வந்து உன்னிடம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாய். "ஆட்டுக்கும் அரிசிக்கும் நடுவுல 'நாளைக்குக் குடு'ன்னு ஒருத்தன் இருக்கான் பாத்தியா? அவனை உன் புத்தகத்துல விட்டுட்டாங்க." அதையே பரீட்சையில் எழுதினேன். டீச்சர் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டார். உனக்கு அந்தக் கேள்விக்குறி ரொம்பப் பிடித்துப்போய், போட்டோ எடுத்து வைத்துக்கொண்டாய்.

அப்புறம் அந்தக் கடன் எங்கள் வீட்டுக்கே வந்தது.

அப்பாவுக்கு வேலை போனதை நானும் அம்மாவும் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டோம். தினமும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். வீட்டு வாடகைக்கு ஒரு ஆப்பில் வாங்கியிருக்கிறார், அதை அடைக்க இன்னொன்றில். தவணை என்பது தவளை மாதிரி என்று முன்னால் உன்னிடம் ஜோக்கடித்திருக்கிறேன். எந்தப் பக்கம் குதிக்கும் என்று தெரியாது. ஒரு புதன்கிழமை அது அப்பாவின் போனில் இருந்த எல்லா நம்பருக்கும் குதித்தது. அப்பாவின் படம், கீழே தமிழிலும் தெலுங்கிலும் ஒரே வரி: 'இந்த ஆள் திருடன்.' பால்காரருக்குப் போயிற்று. முதல் மாடித் தெலுங்கு ஆன்ட்டிக்குப் போயிற்று. என் பொருளியல் டீச்சருக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு அப்பா கதவைத் திறக்கவில்லை. காலிங் பெல் அடித்தால் பாத்ரூமுக்குள் போய்விடுவார். நான் வாய் ஓயாமல் பேசுகிறவள், எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மா சமையலறை அலமாரியை ஒழித்தாள். உனக்குத் தெரியும், அங்கே எப்போதும் அடுத்த வீட்டுப் பாத்திரங்கள் நாலைந்து இருக்கும். யாராவது பாயசம் கொடுத்தனுப்பினால் அந்தக் கிண்ணம் எங்கள் வீட்டிலிருந்து வெறுமனே திரும்பாது. வடையோ, கொழுக்கட்டையோ, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையோ போட்டுத்தான் போகும். அங்கிருந்து மறுபடி எதையாவது ஏந்திக்கொண்டு வரும். யார் யாருக்குத் தர வேண்டும் என்று யாருக்குமே தெரியாது. அன்றைக்கு அம்மா எல்லாவற்றையும் தேய்த்துத் துடைத்து, "போய்க் குடுத்துட்டு வா" என்றாள்.

"சர்க்கரை போடலையா?"

"வேணாம். யார்கிட்டயும் ஒண்ணும் பாக்கி இருக்கக் கூடாது."

உன் சம்படத்தை உன்னிடம்தான் கடைசியாகக் கொண்டுவந்தேன். மூடியைத் திறந்து பார்த்தாய். எப்போதும் உள்ளே கையை விட்டுத் தின்ன ஆரம்பிப்பவள், அப்படியே நின்றாய்.

"எல்லா வீட்டுக்கும் திருப்பிட்டாங்களா அம்மா?"

"ஹவ்" என்று தலையாட்டினேன்.

"வெறுமனேயா?"

"ஹவ் ஹவ். ஏன்?"

"எப்போ கிளம்புறீங்க?" என்றாய்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. கீழே ஓடி வந்து அம்மா அப்பாவின் கட்டிலடியில் பார்த்தேன். ரெண்டு பெட்டிகளும் கட்டித் தயாராக இருந்தன. ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு, எங்கள் சொந்த ஊர்ப் பக்கம், காட்பாடி வரை டிக்கெட். என் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை, வீட்டு அட்வான்ஸ், எதைப் பற்றியும் பேச்சில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போகப் போகிறோம். ஓடிப்போய்விட்டார்கள் என்று இந்தக் கட்டடம் பேசும். அந்த மெசேஜ் பொய் என்று சொல்லக்கூட இங்கே நாங்கள் இருக்க மாட்டோம்.

அழுதுகொண்டு மேலே வந்தேன். நீ அதற்குள் அப்பாவிடம் பேசுவதற்கு ஒரு சொற்பொழிவே தயார் பண்ணியிருந்தாய். கம்பெனி கட்டாமல் விட்டால் தள்ளுபடி, தனி மனிதன் கட்டாமல் விட்டால் திருட்டு என்று ஆக்கியது யார், வாங்கினவனுக்கு இருக்கிற வெட்கம் மிரட்டுகிறவனுக்கு ஏன் இல்லை, இப்படி.

"அக்கா, அப்பா கதவையே திறக்கிறதில்லை. உன் மூணாவது அத்தியாயத்தை எங்க கேட்கப் போறாரு?"

நீ கட்டிலில் உட்கார்ந்துவிட்டாய். "கணக்கை முழுசாத் தீர்க்கிறவங்க, இனிமே மூஞ்சியைப் பார்க்க வேண்டாம்னுதான் தீர்க்கிறாங்க" என்று உனக்கே சொல்லிக்கொள்வது மாதிரி சொன்னாய்.

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. "அப்போ தீர விடாம பண்ணிட்டா? நாங்க யாருக்கும் பாக்கி இல்லைன்னா போகலாம். எல்லாரும் எங்களுக்குப் பாக்கின்னா?"

நீ எழுந்து என் தலையில் ஒரு குட்டு வைத்தாய். "உனக்கு டாக்டர் பட்டமே குடுக்கலாம்ட்டி. உதவித்தொகை வராது, பரவாயில்லையா?"

சனிக்கிழமை காலை முதல் ஆளாக நீயே இறங்கி வந்தாய். "அக்கா, என் குக்கர் புஸ்ஸுனு போயிட்டு. உங்க பெரிய குக்கரைக் குடுங்க" என்றாய் அம்மாவிடம். அம்மாவுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. பத்து நிமிஷத்தில் முதல் மாடி ஆன்ட்டி: "மிக்ஸி இஸ்தாரா அம்மா? மா மிக்ஸி காலிப்போயிந்தி." அவர்கள் மிக்ஸி எரிந்துபோயிற்றாம், எங்களுடையது வேண்டுமாம். எதிர்வீட்டுக்காரர் இஸ்திரிப் பெட்டி கேட்டார். நான் முந்தின நாள் சாயங்காலமே எல்லார் வீட்டிலும் போய், என்ன கேட்க வேண்டும் என்று பங்கு பிரித்துவிட்டு வந்திருந்தேன். ரெண்டு வீட்டுக்காரர்கள் மிக்ஸிக்காகச் சண்டை போட்டுக்கொண்டது தனிக்கதை.

கீழ்வீட்டுக் காதர் மாமாவுக்கு ஏணி. அது பரண் மேல் இருக்கிறது, அப்பாவைத் தவிர யாருக்கும் எட்டாது. மாமா வாசலில் நின்றுகொண்டு பாத்ரூம் பக்கமாகக் குரல் கொடுத்தார்: "சாப்! ஏணி வேணும். நக்கோ சொல்லாதீங்க. எனக்கு முட்டி வலி, நீங்கதான் வந்து பிடிக்கணும்."

பாத்ரூம் தாழ்ப்பாள் நகர்ந்தது. அப்புறம் அப்பா வெளியே வந்தார். ஷேவ் பண்ணாத முகம். ஏணியை இறக்கி, தோளில் வைத்துக்கொண்டு, எல்லா வீட்டு வாசலையும் தாண்டிக் கீழே போனார். நீயும் நானும் கைப்பிடிச் சுவர் மேல் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமா ஏணியில் ஏறி, நன்றாக எரிந்துகொண்டிருந்த பல்பைக் கழற்றி, ஊதி, அதையே திரும்ப மாட்டினார். அவ்வளவு மோசமான நடிப்பை நான் பார்த்ததே இல்லை. இறங்கி வந்து அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் வந்துச்சு சாப். டிலீட் பண்ணிட்டேன். போன வருஷம் என் பையன் போட்டோ போட்டு உங்களுக்கு வந்திருக்குமே? நீங்க ஒரு வார்த்தை தப்பாக் கேட்டீங்களா என்னை?"

அப்பா ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார். மாமாவும் முட்டி வலியை மறந்து பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். நீ என் கையை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாய், வலித்தது. நான் எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா வெற்று அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நாளைக்கு எப்படிங்க கிளம்புறது? குக்கர் மேல இருக்கு, ஏணி கீழ இருக்கு."

"எல்லாம் திரும்பி வரட்டும்" என்றார் அப்பா.

வந்தன. ஆனால் சும்மா வரவில்லை. குக்கர் பிரியாணியோடு வந்தது, மிக்ஸி ஜார் கோங்குராக் கீரைச் சட்னியோடு வந்தது. வந்த கையோடு வேறு எதையாவது கேட்டுக்கொண்டு போனார்கள். ரயில் எங்களை விட்டுவிட்டுப் போயிற்று.

திங்கட்கிழமை நீதான் அப்பாவோடு புகார் கொடுக்கப் போனாய். ஆப்காரன் போலீஸ் வரும் என்று மிரட்டியிருந்ததால், வழியெல்லாம் காக்கிச் சட்டையைக் கண்டாலே அவர் ஒதுங்கியதாகச் சொன்னாய். "ஒரு போலீஸும் உங்க அப்பாவைத் தேடி வரலை. ஆனா அந்த ஆப்காரன் வேலையை முழுக்க அந்த வராத போலீஸ்தான் பார்த்திருக்கு." வாங்கின பணத்தை அப்பா புது வேலையில் சேர்ந்து கட்டி முடித்தார். மிரட்டி ஏற்றின வட்டியைக் கட்டவில்லை.

அடுத்த மழைக்கு உனக்குக் காய்ச்சல் வந்தது. நீ ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வராததைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், நீ சிரிப்பாய்: உன் உதவித்தொகை நிலுவையெல்லாம் நீ போன பிறகு மொத்தமாக வந்து சேர்ந்ததாம். அத்தனை மாசம் கட்டாமல் வைத்திருந்தவர்களின் படத்தைப் போட்டு யாரும் யாருக்கும் மெசேஜ் அனுப்பவில்லை.

உன் சாமான்களை எடுத்துப் போக நாகர்கோவிலிலிருந்து உங்கள் அம்மா வந்தார். எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து, உட்காராமலே கேட்டார்: "அவ இங்க யாருக்காவது எதாவது குடுக்க வேண்டியது இருக்கா மக்ளே? இருந்தா சொல்லிருங்க. அடைச்சிட்டுப் போறேன். இனிமே இங்க வர்றதுக்கு எனக்கு ஒண்ணுமில்லை பாத்துக்கோங்க."

அப்பாதான் எழுந்தார். பாக்கி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் வெளுத்துப்போகிற மனிதர்.

"இருக்கும்மா" என்றார். "நிறைய இருக்கு. ஒரே தடவையில தீராது. நீங்க வந்துட்டுப் போயிட்டுதான் இருக்கணும்."

உங்கள் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்படின்னா காப்பி போடு மக்ளே" என்றார் என்னிடம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வருகிறது. "இந்த வாரம் எவ்வளவு மக்ளே?" என்பார். யார் யாருக்குக் கட்டுகிறோம் என்று இதிலும் தெரியாது, நான் உன் கதை ஒன்றைச் சொல்வேன். ஆட்டோ ஸ்டாண்டு கதை போன மாசமே கொடுத்தாயிற்று, சமோசா போன வாரம். அந்தப் பக்கம் சிரிப்பார், சில நேரம் போனை வேறு காதுக்கு மாற்றிக்கொள்வார். "வட்டி மட்டும்தான் ஆச்சு, அசல் அப்படியே இருக்கு" என்று சொல்லி வைத்துவிடுவேன்.

கையிலிருக்கிற கதைகள் குறைந்துகொண்டே வருகின்றன அக்கா. எல்லாம் தீர்ந்தால் புதிதாகக் கட்டிவிட வேண்டியதுதான். அதில் நீ என்னென்ன செய்வாய் என்பதற்கு நான் பொறுப்பில்லை.