ஓடாத காரின் ஸ்டியரிங்

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி தேவலையா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், கேட்காதே.

பட்டறைக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. தோல் சீட் அப்படியே இருந்தது. ஸ்டியரிங்கில் சுற்றிய வெல்வெட் மாதிரியான செயற்கைத் தோல் மட்டும் கைபட்டுக் கைபட்டு வழுக்கையாகியிருந்தது. ஆனால் மீட்டர்படி வண்டி ஓடியதோ சொற்பம்.

"மீட்டரைத் திருத்திட்டீங்களா சார்?" என்று கார்க்காரரிடம் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன்.

"ஓட்டறதே இல்ல தம்பி. வீட்டுக்காரி தவறினப்புறம் வீட்டுக்குள்ள இருக்க முடியல. ஷெட்ல இதைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்."

"தோல் சுத்தித் தர்றேன், எவ்வளவு புடிச்சாலும் தாங்கும்" என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடும்போது, பேச ஒன்றுமில்லை என்று போனைத் துண்டித்துவிடாதே. அப்படியே அடுப்புப் பக்கத்தில் வை. குக்கர் சத்தம் கேட்டாலும் போதும்.

முதலாளி கத்துகிறார். வருகிறேன்.

உன் மகன்